மெழுகு உருளையில் ஒரு தொண்டை

மார்ச் 4

இந்தாம்மாவுக்கு,

இருபத்தாறு வருடமாக உன்னை இப்படித்தான் கூப்பிடுகிறேன். கடிதத்தில் மட்டும் திடீரென்று 'அன்பே' என்று ஆரம்பித்தால், வேறு யாருக்கோ எழுதியது உறை மாறி வந்துவிட்டது என்று நினைப்பாய்.

போனில் பேசினால் நான் சிரிக்க வைத்தே காரியத்தைச் சாதித்துவிடுவேன், சொல்ல வேண்டியதை எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று உன் உத்தரவு. சரி. சிரிக்க வைக்க மாட்டேன், குமட்ட வைக்கிறேன்.

கையில் காபி இருந்தால் கீழே வை. மகளுக்குப் பேசி முடித்த இடத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்களே, அன்றைக்கு நீ கேக் மேல் தூவியது சாக்லேட் இல்லை.

பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் இன்னொரு டப்பாவில், பழுப்பு நிறத்தில், சுருள் சுருளாக இருந்ததே? அது என் மெழுகு உருளையின் சீவல். கிராமபோனுக்கும் முந்தின அந்தப் போனோகிராப்பில் போடுகிற உருளையில் பூஞ்சை ஏறிப் பாட்டெல்லாம் போய்விட்டால், மேல்தோலைச் சீவி எடுத்துவிட்டு மறுபடி புதிதாகப் பதியலாம். முந்தின நாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு, உன் சமையல் மேடையில் வைத்து ஒன்றைச் சீவினேன். சீவலைக் கொட்டக் கைக்கு வந்தது ஒரு காலி டப்பா. அதன் மூடியில் 'சாக்லேட்' என்று உன் கையெழுத்தில் எழுதியிருந்தது. கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் கண்ணாடி போடாமல் இருந்தேன் என்று சொன்னால் நீ நம்பப்போவதில்லை.

தட்டுகளை நீ கொண்டு வந்து வைத்தபோது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் உன் மேடையில் சீவிய கதை வெளியே வரும். அதனால் திறக்கவில்லை. சம்பந்தி திறந்தார். நூறு வருடத்துப் பூஞ்சையை, யாரோ ஒரு புண்ணியவதி பாடிய பாட்டோடு சேர்த்து, மென்று விழுங்கினார். சம்பந்தியம்மா மட்டும், "லேசா சோப்பு வாசனை வருதுல்ல?" என்றார். "எங்க வீட்ல பாத்திரத்தை அவ்வளவு சுத்தமா தேய்ப்போம்" என்றேன். நீ என்னைப் பெருமையாகப் பார்த்தாய். சம்பந்தி இன்னொரு துண்டு கேட்டார்.

அன்றைக்கு நடந்த இன்னொன்றுக்காகத்தானே நீ கோபித்துக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போனாய்? சம்பந்தியின் டம்ளரை, அவர் பாதி குடித்து வைத்திருந்தபோதே, உள்ளே இரண்டு விரலை விட்டு, விரித்து, தூக்கி, டிரேயில் வைத்தேனே. என்ன செய்வது! உருளையை வெளியே தொட்டால் கைச்சூட்டில் கோடு அழிந்துவிடும். உள்ளே இரண்டு விரலை விட்டு விரித்துத்தான் தூக்க வேண்டும். உருளையாக எதைப் பார்த்தாலும் கை அப்படிப் போய்விடுகிறது. என் விரல் அவர் தண்ணீரில் முழுகியதை அவர் பார்த்தார், நீயும் பார்த்தாய். என் விரல் மட்டும்தான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? எனக்கே என்னைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது. காரணம், 'மெழுகு' என்று நாம் பட்டப்பெயர் வைத்த என் உருளைக் கூட்டாளி போய்விட்டார்.

ஆமாம், திங்கட்கிழமை, தூக்கத்திலேயே. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உருளைகளோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்த மனிதர். துக்கம் கேட்கப் போனேன். ஹாலில் அவரைக் கிடத்தியிருக்கிறார்கள். தலைமாட்டில் அந்தப் பெரிய பித்தளைக் குழல் வைத்த மெஷின். எங்கள் உருளைக் கூட்டத்துப் பல் டாக்டர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். எங்கே என்று தேடினால், குழலுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார். பார்த்தவர்கள் உள்ளே முகத்தை மறைத்து அழுகிறார் என்று நினைத்திருப்பார்கள். வெளியே வந்து என் காதில், "உள்ள கம்பெனி முத்திரை இருக்கு. ஒரிஜினல்" என்றார்.

அதோடு விட்டாரா? அலமாரியிலிருந்து ஓர் இசைத்தட்டை உருவி, விளிம்பை நாக்கால் நக்கிப் பார்த்தார். சுத்தமான அரக்கா, கலப்படமா என்று நாக்குக்குத் தெரியுமாம். அரக்கு என்பது பூச்சியின் எச்சில். அதன் மேல் நாற்பது வருடத்துத் தூசி, கரப்பான் சமாசாரம். அதன் மேல் டாக்டரின் நாக்கு. நக்கிவிட்டு அதே வாயால் வீட்டம்மாவிடம், "தைரியமா இருங்கம்மா" என்றார்.

நான் யோக்கியம் இல்லை. அந்த அம்மா அழுதுகொண்டே என் கையைப் பிடித்தபோது, என் கண் அவர் தோளுக்கு மேலாக உருளைப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தேன்.

போதும். இந்தக் கூட்டமும் வேண்டாம், பூஞ்சையும் வேண்டாம். நீ வந்துவிடு.

இப்படிக்கு,
சமையல் மேடையை மூன்று தரம் கழுவிய உன் வீட்டுக்காரன்

*

மார்ச் 8

என்னங்க,

மெழுகு அண்ணன் போன செய்தி படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. அந்த வீட்டு அக்காவுக்கு நானே போன் செய்கிறேன்.

இப்போது கேக்குக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, குமட்டல் நிற்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. அன்றைக்கே, சோப்பு வாசனைக்குக் காரணம் பழைய சரக்கு என்று நினைத்து, மளிகைக் கடைக்காரரிடம் போய் நடுக்கடையில் நின்று சண்டை போட்டேன். பாவம், புது டப்பா ஒன்று இலவசமாகக் கொடுத்தார். அதைவிடக் கொடுமை, சம்பந்தியம்மா போன வாரம் என்னிடம் கேக்குக்குச் செய்முறை கேட்டார். நானும் எழுதி அனுப்பினேன். அதன்படி செய்து பார்த்துவிட்டு, "உங்க கை மணம் வரலியே" என்கிறார். எப்படி வரும்? அவர்கள் வீட்டில்தான் பூஞ்சை பிடித்த பாடகி இல்லையே!

விரலுக்காக நான் வந்துவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். விரல் கடைசி. குளிர்பெட்டியில் பாலுக்குப் பக்கத்தில் உருளை. தலையணைக்கு அடியில் ஸ்பிரிங். மகளின் பழைய அறையில் கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு நாற்றம். ஹாலில் சோபாவைவிட உயரமாக அந்தக் குழல். வருகிறவர்கள் எல்லாம் அதில் இடித்துக்கொண்டு அதனிடமே மன்னிப்புக் கேட்கிறார்கள். குளியலறைக் குழாய் கீச்சிடுகிறது என்று ஒரு வருஷமாகச் சொல்கிறேன். எவனுடைய மெஷினுக்கோ எண்ணெய் போட ரயிலேறிப் போகத் தெரிகிறது, நம் வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்றத் தெரியவில்லை.

இங்கே அத்தான் காலையில் பல் தேய்ப்பதே தெரிவதில்லை. சத்தமில்லாமல் உள்ளே போகிறார், சத்தமில்லாமல் வெளியே வருகிறார். ஆண்களில் இப்படியும் ஒரு வகை உண்டு என்று அக்கா சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

'போதும்' என்று நீங்கள் எழுதுவது இது முதல் தடவை இல்லை. கடிதத்தில் குளித்தால் அழுக்குப் போகாது. வீட்டில் ஒரு மெஷின், ஒரு உருளை இருக்கும் வரை நான் வரமாட்டேன். கல்யாண வேலைக்கு மட்டும் வந்து, விருந்தாளி மாதிரி நின்றுவிட்டு, லீவு முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொள்வேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாள் ரயிலேறி வந்து அறை ஒன்றைப் பார்த்தே ஆகிவிட்டது. குழாய் கீச்சிடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா

*

மார்ச் 13

இந்தாம்மாவுக்கு,

அறை பார்த்தாயா? குழாயைத் திறந்து வேறு பார்த்தாயா? இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. கடையில் கிட்டப்பார்வைக்காரருக்கு எட்டப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்து, அவர் வாசல்படியில் தடுக்கி விழுந்து, பெரிய ரகளை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். படித்த பிறகாவது நான் திருந்திவிட்டேன் என்று நம்புவாய்.

மெழுகு வீட்டம்மா ஆள் அனுப்பியிருந்தார். பல் டாக்டர், ரேடியோ ரிப்பேர்க்காரர், நான். மூவரையும் நிற்க வைத்து, "எடுத்துட்டுப் போங்க. எல்லாத்தையும். ஒண்ணு மிச்சம் வைக்காதீங்க. இந்த வீட்ல மூச்சு இழுத்தா பூஞ்சைதான் உள்ள போகுது" என்றார். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

நீ பார்த்திருக்க வேண்டும். ஐம்பது தாண்டிய மூன்று ஆண்கள் தரையில் மண்டியிட்டு, பெட்டிகளைத் திறந்து திறந்து மோந்து பார்க்கிறோம். ரேடியோக்காரர் மூக்கு நுனியில் வெள்ளையாகப் பூஞ்சை ஒட்டியிருக்கிறது. டாக்டர் நாக்கு பச்சையாகிவிட்டது. என் கையில் ஒரு பெட்டிக்குள் செத்துப்போன பல்லி, காகிதம் மாதிரி. அதை எடுத்துப் போட்டுவிட்டு அதே கையால் மூக்கைச் சொறிந்தேன். சொறிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அப்போது டாக்டர், "ஐயோ!" என்றார். பல் பிடுங்குகிறவர் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தால் ஏதோ பெரிய விஷயம். அவர் கையில் பழைய அட்டைப்பெட்டி, மேலே மங்கிய மசியில், 'முதல் சோதனை'. வேறு ஒன்றும் எழுதவில்லை. உள்ளே பழுப்பு உருளை, குழந்தைக் கன்னம் மாதிரி பளபளப்பு.

"இந்த ஊர்லயே முதல் முதலா பதிஞ்ச குரலா இருக்கலாம்" என்றார் டாக்டர். கையுறை மாட்டிக்கொண்டார். இரண்டு விரலை உள்ளே விட்டு, விரித்து, தூக்கி, மெஷினில் ஏற்றினார். சாவி கொடுத்தார். மூன்று பேரும் குழலுக்கு முன்னால் கைகட்டி நின்றோம்.

கரகரவென்று கொஞ்ச நேரம். அப்புறம் ஒரு மனிதன் காறினான்.

தப்பாக எழுதவில்லை. காறினான். மூன்று தரம் குட்டையாக. பிறகு ஒன்று நீளமாக. குதிகாலில் ஆரம்பித்து, முட்டி, இடுப்பு, நெஞ்சு என்று நிலையம் நிலையமாக நின்று ஏறி வருகிறது. ஒரு நொடி அமைதி. 'தொப்.' அதற்குப் பிறகு, வழக்கில் ஜெயித்தவன் மாதிரி, "ஆ..." என்று ஒரு திருப்தி. கடைசியில் எங்கோ தூரத்தில் ஒரு பறவை கூவுகிறது. மறுபடி முதலிலிருந்து. உருளை முடிகிற வரை இதேதான்.

எனக்கு வாயில் எச்சில் ஊறியது, நல்ல விதமாக இல்லை. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டீங்களா! என்ன ஈரம்! எந்தப் பதிவுலயும் இந்த ஈரம் வராதுங்க!"

"பெரிய பாடகரா இருக்கணும்" என்றார் ரேடியோக்காரர். "பாடறதுக்கு முன்னால தொண்டையைச் சரி பண்றார்."

"பாடாட்டி என்ன? இதுவே போதும். அந்தப் பறவை? அது என்ன பறவை?"

"இப்ப அப்படி ஒரு பறவையே கிடையாது டாக்டர். அழிஞ்சு போச்சு."

திரும்பப் போட்டார்கள். திரும்பத் திரும்ப. டாக்டர் ஒவ்வொரு 'தொப்'புக்கும் தலையாட்டுகிறார். அடுக்களையிலிருந்து அந்த அம்மா, "யாருங்க அங்க வாந்தி எடுக்கறது? வாஷ்பேசினுக்குப் போங்க!" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு கேவலமான சத்தத்தை என் காது கேட்டதில்லை. இப்படியும் ஒருவன் இருந்திருப்பானா? தினம் காலையில் இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படிப் பலகாரம் சாப்பிட்டிருக்கும்? அவனுக்கு ஒரு மனைவி இருந்திருப்பாளே, அந்தப் பெண் யாரோ பாவம், என்று நினைத்தேன். அவன் மட்டும் எதிரே வந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன்.

"இது ஒண்ணு எனக்கு. மத்த எல்லாத்தையும் நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்குங்க" என்றார் டாக்டர். அவர் தலையை விட்டுப் பார்த்த அந்தப் பித்தளைக் குழல் மெஷினையும் சேர்த்துத்தான் சொன்னார். நான் ஒன்றையும் தொடவில்லை. "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, தெருமுனையில் நின்று சோடா குடித்தேன். நம் வீட்டில் இருக்கிறதையும் வேனில் வந்து அள்ளிக்கொண்டு போகும்படி ரேடியோக்காரரிடம் சொல்லியாகிவிட்டது.

நம்பு.

உன்,
பச்சை நாக்கு இல்லாத வீட்டுக்காரன்

*

மார்ச் 16

என்னங்க,

கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அத்தான் பாதியில் எழுந்து போய்விட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பறவை எப்படிக் கூவியது? குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்றா? காறுவதற்கு முன்னாலா, பின்னாலா? சரியாக ஞாபகப்படுத்தி எழுதவும்.

வேன் வந்ததா என்பதையும் எழுதவும்.

உங்கள் மகளின் அம்மா

*

மார்ச் 19

இந்தாம்மாவுக்கு,

வேன் வந்தது, போனது. எல்லாம் போயிற்று. குளிர்பெட்டியில் பால் மட்டும் தனியாக நிற்கிறது. மகள் அறையின் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். ஹாலில் மெஷின் நின்ற இடத்தில் நான்கு கால் தடம், துடைத்தேன், போகவில்லை. பழக்கதோஷத்தில் அந்த இடத்தை இன்னும் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறேன்.

பறவை ஆராய்ச்சியில் எப்போது இறங்கினாய்? சரி, சொல்கிறேன். நீ எழுதியது போலத்தான்: குட்டையாக ஒன்று, பிறகு நீளமாக இழுத்து ஒன்று. 'தொப்'புக்குப் பின்னால். எப்படிச் சரியாகச் சொன்னாய்? உன் பள்ளிக்கூட நூலகத்தில் ஏதாவது புத்தகம் இருக்கிறதா? டாக்டரிடம் சொன்னால் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்.

அவர் கதை இன்னும் முற்றிவிட்டது. அந்த உருளையைத் தன் மெஷினோடு மருத்துவமனைக்கே கொண்டுபோய், காத்திருக்கிறவர்கள் கேட்கட்டும் என்று தினம் போடுகிறாராம். பல் வலியோடு வந்தவர்கள் வலி போய்விட்டது என்று சொல்லி எழுந்து ஓடுகிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை நம் சம்பந்தி அங்கே கடைவாய்ப் பல்லைக் காட்டப் போகிறார். அவரையும் விசேஷமாக உட்கார வைத்துக் கேட்க வைக்கப்போவதாக டாக்டர் சொன்னார். கேட்கும்போதே எனக்குக் குமட்டுகிறது.

வீடு சுத்தம். நீ எப்போது வருகிறாய்?

உன்,
காலி ஹாலின் சொந்தக்காரன்

*

மார்ச் 22

என்னங்க,

அந்தப் பெண் யாரோ பாவம் என்று எழுதியிருந்தீர்கள். நான்தான்.

மூன்று குட்டை, ஒரு நெட்டை. ஒரு நொடி அமைதி. அதற்குப் பின்னால் வழக்கில் ஜெயித்த 'ஆ'. இருபத்தாறு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை உட்பட, குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவளுக்குத் தெரியாதா? உங்கள் கடிதத்தில் அந்த இடம் வந்ததும் அக்கா மடியில் விழுந்து சிரித்தேன். அக்காவுக்கும் உடனே புரிந்துவிட்டது. நீங்கள் இங்கே வந்து தங்கிய அந்த இரண்டு நாளை அவள் இன்னும் மறக்கவில்லை.

அழிந்துபோன பறவை நம் குளியலறைக் குழாய். திறக்கும்போது குட்டையாக, மூடும்போது நீளமாக.

மெழுகு வீட்டு அக்காவிடம் பேசினேன். "உங்க வீட்டுக்காரர் ஒரு உருளையைச் சீவிப் புதுசாக்கி, காகிதத்துல சுத்திக் கொடுத்து விட்டாரு. அதை ஏதோ பழைய காலிப் பெட்டியில போட்டு வெச்சாரு. அதுல எங்க வாசல் மணிச் சத்தத்தைப் பதியணும்னு சொல்லிட்டே இருந்தாரு, அதுக்குள்ள போயிட்டாரு" என்றார். ஆக, சம்பந்தி மேல்தோலைத் தின்ற உருளையும், டாக்டர் கண்ணீர் விட்ட உருளையும் ஒன்றுதான். அதைப் போட்டுக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டிருக்கிறீர்கள்.

உங்கள் குரல் உங்களுக்கே தெரியவில்லை பாருங்கள். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியின் கீழ் சிவப்பு மசியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பரீட்சைத் தாளில் இவ்வளவு சரியான விடையைப் பார்த்து வருஷமாகிறது.

இப்போது சொல்வதை ஒழுங்காகக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் அந்த உருளையை டாக்டரிடமிருந்து எப்படியாவது வாங்கி வாருங்கள். மேல்தோலைத் தின்ற மனிதர் உள்ளே இருந்ததையும் கேட்க வேண்டாம். யாருடையது என்று டாக்டரிடம் சொல்லாதீர்கள், மனிதர் உடைந்துபோவார். ஊரார் முன்னால் என் வீட்டுச் சளியை வைத்துக் கச்சேரி நடத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. போடப் போடத் தேய்ந்துவிடும் என்று வேறு சொல்வீர்கள்.

அதைப் போட்டுச் சரிபார்க்க ஒரு மெஷின் வேண்டும். ரேடியோக்காரரிடம் சொல்லி, சின்னதாக ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுதான். ஹாலில் இல்லை, மகள் அறையில்.

இங்கே வந்த நாளிலிருந்து நான் நேரத்துக்கு எழுந்திருக்கவில்லை. இந்த வீட்டில் காலை என்று ஒன்று வருவதே தெரியவில்லை. அந்த அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். குழாயைத் தொடாதீர்கள், நான் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இந்தாம்மா

பி.கு.: சம்பந்தி வந்துபோன மறுநாள் காலை, உருளையைச் சோதித்துப் பார்க்கப் பதிவு முள்ளை மாட்டிவிட்டு நீங்கள் குளியலறைக்குப் போனீர்கள். நான் கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு ஒருநாள் போட்டுக் காட்ட வேண்டும் என்றுதான் குழலைக் குளியலறைப் பக்கம் திருப்பி, முள்ளை இறக்கினேன்.